பிறர் மனத்தை அறியும் தகுதி

இணையத்தில் பயணச்சீட்டு எடுப்பவரும் வங்கிக் கணக்கைப் பார்ப்பவரும் தாம் மனிதரே, தானியங்கி நிரல் அல்ல என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் இக்காலத்தில், ஒருவரைச் சோதித்தறியும் உரிமை யாருக்கு, எந்தத் தகுதியின்பேரில் வருகிறது என்ற கேள்வி தத்துவத்துக்கும் உரியதாகிவிட்டது. காஞ்சிபுரத்தை அடுத்துள்ள, ஜினகாஞ்சி என்று பெயர்பெற்ற திருப்பருத்திக்குன்றத்தில் பல்லவர் காலம் முதல் வேரூன்றியிருக்கும் சமணம் இதற்கு ஒரு கடுமையான விடையை வைத்திருக்கிறது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலியோர் உருவாக்கிய கேப்ட்சா, அதாவது மனிதர்க்கு எளிதாகவும் கணினிக்கு அரிதாகவும் அமைந்த சிறு புதிர், சிதைந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னதோடு நின்றது. விடையளித்தவர் யாரென்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. கணினிகளும் அவ்வெழுத்துகளைப் படிக்கத் தொடங்கியதும், சோதனை விடையை விட்டு ஆளின்மேல் திரும்பியது. கூகுள் 2018இல் வெளியிட்ட ரீகேப்ட்சா என்னும் சோதனையின் மூன்றாம் பதிப்பு புதிர் எதையும் போடாமல், பயனர் தளத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பின்னணியில் கவனித்து, 0.0 முதல் 1.0 வரை ஒரு மதிப்பெண்ணைத் தளத்தாருக்கு அளிக்கிறது; அந்த மதிப்பெண் என்னவென்று பயனருக்குச் சொல்லப்படுவதில்லை.

சமண நூல்கள் அறிவை மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஐந்தாகப் பகுக்கின்றன. பொறிகளாலும் மனத்தாலும் பெறுவது மதி, சொல்லாலும் நூலாலும் பெறுவது சுருதம், உருவப் பொருள்களைப் பொறிகளின் துணையின்றி உணர்வது அவதி, முற்றறிவு கேவலம். பிறர் மனத்தில் ஓடும் எண்ணத்தை நேரே அறிவது மனப்பரியயம். அவதி ஞானம் தேவர்க்கும் நரகர்க்கும் பிறவியிலேயே வாய்க்கும் என்று கூறும் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூலின் மரபு, மனப்பரியயத்தைத் தேவர்க்குக்கூடத் தருவதில்லை. புலனடக்கத்தில் உயர்ந்த துறவிக்கு மட்டுமே உரியதாக்குகிறது. பிறர் மனத்தை அறிந்து அதனால் தனக்கென எதையும் ஈட்டிக்கொள்ள விரும்பாதவர்க்கே அவ்வறிவு கைகூடும் என்ற இந்த நிபந்தனை, சமண அறிவுக்கொள்கையின் மிக உயர்ந்த இடம். இன்றோ பயனர் விவரங்களைப் பொருளாக்கி வாழும் நிறுவனங்களிடமே அத்தகைய ஆற்றல் குவிந்துகிடக்கிறது. இயந்திரம் மனத்தை அறிவதில்லை, நடத்தையைக் கண்டு ஊகிக்கிறது, அது மதி ஞானத்தில் அடங்கும் என்று மறுப்போர் இருக்கலாம். மறுப்பு சரியே, ஆயினும் ஊகித்ததைச் சேர்த்து வைப்பது வேறு செயல், அதைப் பொருட்பற்று என்றே சமணம் கணக்கிடும்.

அறியப்படுவதற்கு வேறொரு முறையும் திருப்பருத்திக்குன்றத்திலேயே உண்டு. திரைலோக்கியநாதர் கோயிலில் 1387-88இல் சங்கீத மண்டபத்தை எழுப்பிய விசயநகரத் தண்டநாயகர் இருகப்பரைக் கல்வெட்டு வைசயரின் மகன் என்றும் சமண முனிவர் புட்பசேனரின் சொற்படி இதைச் செய்தவர் என்றும் அறிமுகப்படுத்துகிறது. அவர் வெளியிட இசைந்தவை அவ்வளவே. எல்லை அவர் வகுத்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, தன்னைப் பற்றிய தகவலின்மேல் தனிமனிதருக்குள்ள பிடியை அந்த உரிமையின் பகுதியாகவே கண்டது. இவ்வாறு ஒருவர் தமக்கு வகுத்துக்கொள்ளும் எல்லையை மதிக்கும் நுட்பமும் இல்லாமல் இல்லை. ஆப்பிள் 2022இல் அறிமுகப்படுத்திய முறையில், கருவி மெய்யானதே என்று அதன் தயாரிப்பாளர் சான்று கூற, தளத்துக்கு ஒரு குறிச்சீட்டு மட்டும் சென்று சேர்கிறது. வந்தவர் யார் என்பது சேர்வதில்லை. ஆனால் சான்று கருவிக்கே தரப்படுவதால், அத்தகைய கருவியை வாங்க இயலாதவர் மட்டும் பழைய சோதனைக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டே நுழைய வேண்டியிருக்கிறது.