‘அதுக்கு என்ன போட்டே?’

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில், மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு நடந்த கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் வாயிலில் நின்று பார்த்தால், பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் காலையிலேயே புறப்பட்டு வந்து வேப்பமர நிழலில் காத்துக் கிடந்த பெற்றோர்கள் எழுந்து நிற்பதும், நகையும் கைக்கடிகாரமும் களைந்து வெறும் செருப்போடு உள்ளே போன பிள்ளைகள் வினாத்தாளும் கையுமாக வெளியே வருவதும், தாய் நீட்டும் தண்ணீரை வாங்குவதற்கு முன்பே அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு ஓடுவதும் தெரியும். “அந்த லென்ஸ் கணக்குக்கு என்ன போட்டே?” என்பதே முதல் வார்த்தை. வினாக்களின் வரிசை தாளுக்குத் தாள் மாறியிருப்பதால், இருவரும் பக்கங்களைப் புரட்டி, விரலை வரிவரியாக ஓட்டி அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு முகம் மலர்கிறது, மற்றொன்று வாடுகிறது.

இது தகுமா? “எழுதுனது எழுதுனதுதான், இனிப் பேசி என்னாகப் போவுது கண்ணு?” என்று கொங்கு நாட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அனுபவ ஞானம் உண்டு. விடைத்தாளைக் கண்காணிப்பாளர் வாங்கிக்கொண்ட பிறகு ஒரு வட்டத்தையும் மாற்ற இயலாது. ஆயினும் 720-க்கு எவ்வளவு தேறும் என்ற உத்தேசக் கணக்கேனும் இல்லாமல், வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா, பொறியியல் கலந்தாய்வுக்குப் போவதா, இன்னொரு வருஷம் விடுதியில் சேர்த்துப் படிக்கவைப்பதா என்பதை, தறி ஓட்டிப் பிள்ளையை ஆளாக்கிய ஒரு சோமனூர்க் குடும்பம் எப்படித் தீர்மானிக்கும்? ஒப்பிட்டுப் பார்ப்பதே பாவம் என்று விலக்கிவிட முடியாது.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் சேருகிறது, தவறானதற்கு ஒன்று குறைகிறது, இடமோ தரவரிசைப்படியே கிடைக்கிறது என்ற ஏற்பாட்டில், இரண்டு வருஷம் ஒரே டிபன் டப்பாவில் பங்கிட்டு உண்ட சிநேகிதன் இழக்கும் ஐந்து மதிப்பெண் தனக்கு ஒரு படி ஏற்றமாகிறது. அவன் விடை தவறு என்று தோன்றிய கணத்தில் நெஞ்சின் அடியில் ஒரு சிறு சந்தோஷம் அசைகிறதே, அதைப் பதினேழு வயதுப் பிள்ளையின் குற்றமாகச் சுமத்துவது நியாயமன்று. அந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் பெரியவர்கள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நாவை இரவல் கொடுத்து, “அது தப்புடா, ஈஸியான கேள்வியாச்சே” என்று கேளாதவனிடமும் வலியப் போய்ச் சொல்வது அவரவர் பொறுப்பு. தனக்கு நேர்ந்த நஷ்டத்தை எப்போது அறிந்துகொள்வது என்பதை நிச்சயிக்கும் உரிமை அதைச் சுமக்கப் போகிறவனுக்கே உண்டு.

உண்மையைச் சொல்வதில் என்ன தோஷம் என்று கேட்கலாம். வாயிலில் நிற்பவனிடம் இருப்பது உண்மைதானா என்பதே சந்தேகம். 2024 மே 5-ஆம் தேதித் தேர்வில் அணுக்களின் நிலைத்தன்மை பற்றிய இயற்பியல் வினா ஒன்றுக்குப் பழைய பாடநூலின்படி ஒரு விடையும் புதிய பாடநூலின்படி வேறொரு விடையும் பொருந்தின. தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கியது. முழு மதிப்பெண் பெற்ற 67 பேரில் 44 பேர் அதனாலேயே அந்த நிலையை எட்டினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, டில்லி ஐ.ஐ.டி.யின் மூன்று வல்லுநர்கள் கூடி, நான்காம் விடை ஒன்றே சரி என்று ஜூலையில் தெரிவித்தபோது, நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து ஐந்து மதிப்பெண்களை இழந்தார்கள். பதினோரு வாரங்களுக்குப் பின் நிபுணர்கள் தீர்த்துவைத்த ஒன்றை, அன்று மாலையே எத்தனை பிள்ளைகள் எத்தனை பிள்ளைகளுக்குச் சந்தேகமறச் சொல்லியிருப்பார்கள்! “நான் நாலாவது போட்டேன்” என்பது உண்மை. “நாலாவதுதான் சரி” என்பது வெறும் அபிப்பிராயம். களைத்துப்போன ஒருவன் காதில் அது தீர்ப்பாக விழுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், மௌனமே உத்தமம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 2018-ஆம் வருஷத் தேர்வில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையானது என்று வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. ஜூலையில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, நவம்பரில் ரத்துச் செய்ததும் யாவரும் அறிந்தவை. முடிவு எவ்வாறாயினும், அப்படிப்பட்ட பிழை, தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டவன் கண்ணுக்கு ஒருபோதும் புலப்படாது. தற்காலிக விடைக்குறிப்பு வெளிவந்த பின், வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கவும் வழியிருக்கிறது. அதற்கும் நாலு பேர் தாள்களை ஒன்றாக விரித்துவைத்துப் பேசியாகவேண்டும். அப்போது பேசுவதால் ஒரு பிரயோஜனம் உண்டு. மனமும் ஓரளவு அடங்கியிருக்கும்.

வாயிலுக்கு எதிரே, அவிழ்ந்த பின்னலை அள்ளி முடிந்துகொண்டிருந்த பெண் ஒருத்தியிடம் அவள் தோழி தாளை விரித்து நீட்டுகிறாள். “வேண்டாம் புள்ள, நாளான்னைக்குப் பாத்துக்கலாம். இப்பப் பசிக்குது” என்கிறாள் இவள். அவள் ஒரு கணம் தயங்கி, தாளை நான்காக மடித்துப் பைக்குள் செருகிக்கொள்கிறாள். இருவரும் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க நடக்கிறார்கள்.