எரியும் எறியும்

சீடன்: ஐயா, எங்கள் கம்பெனி காம்பவுண்டில் ‘இங்கே குப்பையை எரியாதீர்’ என்று ஒரு பலகை இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கொட்டாதே என்கிறதா, கொளுத்தாதே என்கிறதா?

ஆசிரியர்: இரண்டையும் சொல்லவில்லை, தம்பி. கொட்டாதே என்றால் வல்லின றகரம் போட்டு ‘எறியாதீர்’. கொளுத்தாதே என்றால் ‘எரிக்காதீர்’. எரிதல் தானே நடப்பது. எரித்தல் நாம் செய்வது. அந்தப் பலகையோ ‘நீங்கள் தீப்பற்றிக்கொள்ளாதீர்கள்’ என்கிறது. ‘குப்பையை’ என்ற சொல் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது.

சீடன்: பேசும்போது இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கிறது?

ஆசிரியர்: ஓசூரில் ஒன்றுதான். ஆனால் நுனிநாக்கு மேலண்ணத்தை வருடினால் ரகரம், ஒற்றினால் றகரம் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. நீ ஃபிட்டர், உனக்குச் சுலபமாகப் புரியும். அரம் இரும்பை வருடும். சுத்தியல் ஒற்றி எடுக்கும். அந்த அரத்துக்கே இடையின ரகரம்தான். பழங்கன்னடத்திலும் றகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது. பிறகு ரகரத்தோடு கலந்துவிட்டது. மலையாளி இன்றும் எரியுக, எறியுக என்று நாக்கிலேயே பிரித்துவிடுவார்.

சீடன்: பக்கத்து மெஷின்காரர் கன்னடத்தில் ‘உரி’ என்கிறார். நம் எரிதான் அங்கே உரி ஆயிற்றா?

ஆசிரியர்: அவசரப்படாதே. தமிழில் ‘உருப்பு’ என்றால் வெப்பம். உரியை அதன் பக்கத்தில் வைப்பதுதான் பொருத்தம். இரண்டு மொழிக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் ‘சுடு’ இருக்கிறது.

சீடன்: இன்னொன்று, ஐயா. யாழ்ப்பாணத்தார் ‘வெயில் எறிக்குது’ என்கிறார்கள், வல்லின றகரத்தோடு. சுடுகிற வெயிலுக்கே அந்த எழுத்து என்றால், எரிக்கும் எறிக்கும் வேர் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

ஆசிரியர்: இந்தக் கேள்வி என்னைப் பல வருஷம் தூங்க விடவில்லை. வாத்தியார் வேலையில் இருந்தபோது, ஒரு பையன் ‘வெயில் எறித்தது’ என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தேன். பிறகு சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது அது. எறித்தல் என்றால் ஒளி வீசுதல் என்று அதில் இருந்தது. பையன் எழுதியது சரி, நான்தான் தவறு.

அப்புறம்தான் நிலாவை நினைத்தேன். யாழ்ப்பாணத்தார் ‘நிலவு எறிக்குது’ என்றும் சொல்வார்கள். நிலவு யாரைச் சுட்டது? ஆகவே எறித்தலில் சூடு இல்லை. கதிரை வீசுவதுதான் உண்டு. பழைய வழக்கில் வேலையும் எறிவார்கள், முரசையும் எறிவார்கள். முரசு எறிதல் என்றால் அதைத் தூக்கிப் போடுவதல்ல, குணிலால் அறைவது. அடி, வீச்சு, பாய்ச்சல் எல்லாம் அந்த றகரத்துக்குள் இருக்கின்றன. அது சுத்தியல்.

எரி வேறு குலம். அது பெயராக நின்று நெருப்பையே குறிக்கும். வள்ளுவரும் அப்படி ஆண்டிருக்கிறார். எரிமலை கல்லைத் தூக்கி எறிகிறதே என்று சிலர் ‘எறிமலை’ என்று எழுதிவிடுகிறார்கள். அதன் பெயர் உள்ளே இருக்கும் எரியால் வந்தது. வானத்திலிருந்து விழும் கல்லும் எரிந்துகொண்டே வருவதால் எரிகல். வயிற்றெரிச்சலும் கண்ணெரிச்சலும் இதே குலம்தான். தீ விறகை ஒரே அடியில் முடிப்பதில்லை. அரம்போல இழை இழையாகத் தின்கிறது. அம்மியில் அரைப்பதற்கும் கன்னத்தில் அறைவதற்கும் இதே எழுத்து வித்தியாசம்தான்.

சீடன்: எல்லாச் சொல்லுக்கும் இந்த அரக்கணக்கு வருமா, ஐயா?

ஆசிரியர்: வராது. நினைவில் வைக்க ஒரு பிடி, அவ்வளவுதான். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது பெயின்டரிடம் அந்தக் குப்பைப் பலகையில் ஓரெழுத்தை மாற்றச் சொல். தின்னர் டப்பா அடுக்கியிருக்கும் அறைக் கதவில் ‘எளிதில் எரியும் பொருள்’ என்று எழுதியிருந்தால் அது சரி. அதில் அவர் கை வைக்காமல் பார்த்துக்கொள்.