துண்டுக்கு அடியில் ஒரு விலை

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கையைத் துண்டால் மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் புரியாது; சில நேரம் மாட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் புடவைப் படத்தைப் போட்டு "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதுகிறோமே, அதுவும் அந்தத் துண்டுதான்.

நானும் அப்படி விற்கிறவள். மதுரையில் சுங்குடி கட்டும் ஓர் அக்காவின் புடவைகளைப் படம் எடுத்து, ஸ்டேட்டஸில் போட்டு, ஆர்டர் பிடித்து, பார்சல் கட்டி அனுப்புகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பாலும் அச்சடித்த புள்ளிதான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த அக்கா அவர்களில் ஒருவர்.

இதற்கு எனக்கு எவ்வளவு கமிஷன்? அவர் புடவைக்கு 1,600 ரூபாய் சொல்கிறார் என்று வையுங்கள். நான் 2,200-க்கு விற்று 600-ஐ எடுத்துக்கொள்ளலாம். ரீசெல்லிங்கில் அதுதான் நடைமுறை. 2015-இல் தொடங்கப்பட்ட மீஷோ, வீட்டிலிருந்தே விற்கும் பெண்களைப் பழக்கியதும் இதற்குத்தான்: சப்ளையர் விலைக்கு மேல் உங்கள் மார்ஜினை வைத்துக்கொள்ளுங்கள். தப்பென்று சொல்லமாட்டேன். 1,600-ஐ முன்பணமாகக் கொடுத்துச் சரக்கை என் பீரோவில் அடுக்கிவிட்டால், அதன்பின் அது என் வியாபாரம். 2,200-க்குப் போனாலும் என்னுடையது, போகாமல் மடிப்பில் நைந்தாலும் என்னுடையது.

நானோ காசு போடவில்லை. புடவை அக்காவின் அலமாரியில் இருக்கிறது. விற்ற பிறகுதான் எடுக்கிறேன். அப்படியென்றால் நான் தரகு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்கென்று ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. அதன் 213-ஆம் பிரிவுப்படி, உடையவர் கேட்டால் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும். 218-ஆம் பிரிவு, அவர் பேரில் வாங்கிய பணத்தில் தனக்குரிய கூலியும் செலவும் போக மீதியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. நூற்றைம்பது வருஷம் பழைய சட்டத்துக்கு வாட்ஸ்அப் தெரியாது, ஆனால் எங்களைத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் பலருக்கு லாபம் வந்தால் வியாபாரி, ரிட்டர்ன் வந்தால் தரகர். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். நூற்றுக்குப் பத்தா, இருபதா என்பது அதற்கு அப்புறம்.

ரிட்டர்ன் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடிச்சை அவிழ்த்த இடம் புள்ளிக்குப் புள்ளி லேசாகச் சுருங்கி, தொட்டால் விரலில் தட்டுப்படும். கைவேலைக்கு அதுதான் அடையாளம். கோயம்புத்தூர்க்காரம்மா ஒருவர் அதையே படம் எடுத்து, "துணி டேமேஜ், திருப்பி எடுத்துக்கோங்க" என்றார். விளக்கினேன், ஏற்கவில்லை. போக, வரக் கூரியர் காசு யார் தலையில்? அக்காவின் துணியில் குறையில்லை. சுருக்கம் இருக்கும் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது விற்கிறவளின் வேலை. அதனால் என் கமிஷனிலிருந்து போனது. முதல் அலசலில் உப்புத் தண்ணீரில் போட்டும் சாயம் விட்டிருந்தால், அது அக்கா கணக்கு. இப்படி எந்தெந்த நஷ்டம் என்னுடையது என்று எழுதிப் பார்த்த பிறகுதான் 15 சதவீதம் என்ற எண்ணே வந்தது. விற்ற விலையில் 15, கூரியர் வாங்குகிறவருடையது, விலை என்ன என்பது அக்காவுக்கும் தெரியும்.

சொந்தக்காரர்கள் கதை வேறு. "நமக்குள்ள என்னம்மா கணக்கு?" என்று சித்தி நாலு பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கமிஷன் இல்லாத சரக்கு எப்போதும் கடைசியாகத்தான் போஸ்ட் ஆகும். யாராவது கேட்டால்கூட மெதுவாகத்தான் பதில் போகும். அது சித்திக்கு நியாயமில்லை. "சித்தி, நூற்றுக்குப் பத்து எடுத்துக்கறேன்" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. அடுத்த வாரம் விளக்கு விற்றதும் சரியாகிவிட்டது.

இன்னும் தீராத ஒன்று ஆடித் தள்ளுபடி. ஆடி பிறந்தால் "எவ்வளவு குறைப்பீங்க?" என்றுதான் மெசேஜே ஆரம்பிக்கும். 200 ரூபாய் குறைத்தால், சதவீதக் கணக்கில் என்னிடமிருந்து போவது 30, அக்காவிடமிருந்து 170. கணக்கு சரிதான். ஆனால் குறைக்கலாம் என்று சொல்வது நான், முடிச்சுப் போட்ட விரல் அவருடையது. பாதிப் பாதி போட்டுக்கொள்வோம் என்றேன். "நீ ஏம்மா குறைக்கிற? வாங்குறவங்க வாங்கட்டும், இல்லைன்னா ஆவணியில வாங்கட்டும்" என்கிறார் அக்கா. ஆவணி வரை எனக்கு ஆர்டர் வேண்டாமா? இந்த ஆடிக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.