கப்பல்துறைக் கல்வியும் கர்ம விசாரமும்

மனிதன் ஜீவனத்துக்காகச் செய்யும் தொழிலுக்கும் அவனுடைய ஆத்ம நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்னும் கேள்வி மடங்களிலும் வித்வத் சபைகளிலும் மட்டும் எழுவதாக நாம் எண்ணிவிடுகிறோம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பையோ வெல்டர் படிப்பையோ முடித்துவிட்டு, விசாகப்பட்டினத்திலோ மும்பையிலோ உள்ள கடற்படைக் கப்பல்துறையில் அப்ரண்டிஸாகச் சேர மனுப் போடும் பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலும் அது எழக்கூடியதே. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவனுக்கு ஓர் ஒப்பந்தத்தைத் தருகிறது. மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. முடிவில் பரீட்சையும் சான்றிதழும் தருகிறது. ஆனால், "சண்டைக் கப்பலுக்கா வேல செய்யப் போற? அது பாவமில்லையாய்யா?" என்று அவனுடைய அப்பத்தா கேட்டால், அதற்கு விடையளிக்கும் ஷரத்து அச்சட்டத்தில் எங்கும் இல்லை.

இக்கேள்வியைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நெருப்போடு ஒரு நூற்றாண்டு குடித்தனம் நடத்திய பூமியிலிருந்து எழுகின்ற கேள்வி அது. மழை பொய்க்கும் கரிசல் காட்டை மட்டும் நம்பி வாழ இயலாத நிலையில், 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, அடுத்த ஆண்டே சொந்த ஊரில் அதைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தால் அயல்நாட்டுப் பட்டாசு வரவு நின்ற காலத்தில் வாணத் தொழிலும் அங்கே வேரூன்றித் தழைத்தது. தூர தேசம் சென்று தொழில் பழகி வருதல் அவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. அதன் செல்வமே அத்தகைய ஒரு யாத்திரையில் பிறந்தது. அச்செல்வத்துக்குச் செலுத்திய விலையும் அவ்வூர் மக்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியபோது 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். தீபாவளி இரவில் குழந்தையின் கையில் மத்தாப்பாய்ப் பூக்கின்ற மருந்தே, கலவை அறையில் ஓர் உராய்வு நேர்ந்த மாத்திரத்தில் குடும்பத்தையே அழித்துவிடும் என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் அவர்கள்.

இதனைக் கண்டவர்கள் முதலில் வந்தடையும் முடிவு, சடப்பொருளுக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை என்பதாகும். அந்த முடிவில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கந்தகமும் வெடியுப்பும் தம்மளவில் நிரபராதிகளே. ஆயினும் மனிதன் ஒரு பொருளை ஒரு பிரயோஜனத்துக்காக உருவாக்கும்போது அவனுடைய சங்கற்பமும் அப்பொருளின் வடிவத்திலேயே பதிந்துவிடுகிறது. பூவாணத்தை உருட்டுகிறவன் கூட்டத்தை மகிழ்விக்க எண்ணி உருட்டுகிறான். போர்க்கப்பலின் பீரங்கி மேடையைப் பொருத்துகிறவன், அதன்மேல் நிற்கப்போவது மனிதரைக் கொல்ல வல்ல யந்திரம் என்று அறிந்தே பொருத்துகிறான். ஆகையால் கருவியின்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துபோய்விட முடியாது.

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தை எளிதாக விட்டுவிடவில்லை. புத்த பகவான் இல்லறத்தானுக்கு விலக்கிய ஐந்து வியாபாரங்களில் ஆயுத வியாபாரமும் ஒன்று. உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு என்பவை ஏனைய நான்கு. சிவகாசிக்கு வெகு தொலைவில் இல்லாத கழுகுமலையில் பாறைச் சிற்பங்களை விட்டுச்சென்ற சமண சமயத்தார் ஹிம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, இல்வாழ்க்கையின் காரியங்களில் நேர்வது, ஜீவனத் தொழிலில் நேர்வது, எதிர்ப்பவனைத் தடுப்பதில் நேர்வது. முதலாவதை முற்றும் துறக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை சுருக்க வேண்டும் என்பது இல்லறத்தானுக்கு அவர்கள் வகுத்த நெறி. திருவள்ளுவரோ கொல்லாமையை 33ஆம் அதிகாரத்திலும் படைமாட்சியை 77ஆம் அதிகாரத்திலும் வைத்தார். ஒரே நூலில் இரண்டும் இடம் பெற்றிருப்பதை முரண்பாடு என்று சிலர் கருதக்கூடும். தனி மனிதன் அடைய வேண்டிய நிறைவும், குடிகளைக் காக்கும் கடமையுள்ள நாடு தவிர்க்க இயலாத தேவையும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் அருகருகே நிற்க வேண்டியவை என்று அவர் கருதினார் என்பதே என் அபிப்பிராயம்.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் தர்மவியாதனுடைய சரித்திரம் இவ்விசாரத்துக்கு இன்னும் நெருங்கியது. தவத்தில் செருக்குற்ற கௌசிகன் என்ற பிராமணன், மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்த தர்மவியாதன் என்னும் வேடனிடம் தர்மோபதேசம் பெறுகிறான். அந்த வேடன் தன் தொழில் களங்கமற்றது என்று வாதாடவில்லை என்பதே அக்கதையின் பெருமை. நான் உயிரைக் கொல்வதில்லை, விற்பதோடு நிற்கிறேன் என்கிறான். உழவனின் கலப்பையும் மண்ணுக்குள் எத்தனையோ பிராணிகளை மாய்க்கிறது என்கிறான். தொழிலின் குறையை ஒப்புக்கொண்டே, அதற்குள் நேர்மையாகவும் தாய் தந்தையரைப் பேணியும் வாழ்கிறேன் என்கிறான். கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் எந்தக் கர்மமும் தோஷம் கலவாதது இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. அதற்கு அது காட்டும் உவமை நெருப்பும் புகையும் என்பதால், சிவகாசியாருக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் மிதிலை வேடனுக்கும் நம் இளைஞனுக்கும் ஒரு பெரும் பேதம் உண்டு. வேடனுக்கு அது குலத்தொழில். பிறப்பு அவனை அங்கே நிறுத்தியது. நம் பிள்ளையோ விளம்பரத்தைப் படித்து, மனுப் போட்டு, தேர்வு எழுதி, தானே விரும்பி அந்த வாயிலுக்குச் செல்கிறான். தானே தேர்ந்தெடுத்தவனுக்கு ஸ்வதர்மம் என்ற சமாதானம் முழுதாகச் செல்லாது. தேர்ந்த தொழிலின் பலாபலன்களை அறிந்து ஏற்கும் பொறுப்பு அவனைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

அப்பலாபலன்கள் இருவகைப்பட்டவை என்பதற்குத் தமிழர் சரித்திரமே சாட்சி. 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின்மேல் சென்றது. கடாரம் முதலாக அப்படை வென்ற ஊர்களின் பட்டியல் அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரிசையாக நிற்கிறது. கலங்களைக் கட்டிய தச்சர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. எந்தப் பகைவனும் வாயிலில் வந்து நின்றதனால் அக்கப்பல்கள் போகவில்லை. தற்காப்புக்காகவே கப்பல் கட்டுகிறோம் என்று உலகின் ஒவ்வொரு அரசும் சொல்கிறது என்பதையும், அவ்வாறு சொல்லப்படும் எல்லாக் கப்பலும் காவலுக்கே போவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அதே சமயம், 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது, அந்த தேசபக்தரின் கம்பெனிக்கு வேண்டிய கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. தன் கடலைக் காக்கவும் கடக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் சமூகத்தின் அஹிம்சையைத் தவம் என்று சொல்வதற்கில்லை; பல வேளைகளில் அது வெறும் கையாலாகாமையே.

பட்டாசுக்கும் போர்க்கப்பலுக்கும் உள்ள மற்றொரு வேற்றுமையும் கருதத்தக்கது. பட்டாசு வெடித்தால்தான் அதன் பிறவி நிறைவேறுகிறது; போர்க்கப்பலின் உத்தமமான பயன், பல்லாண்டு கடலில் உலவி, ஒரு குண்டும் சுடாமல் கரை சேர்ந்து ஓய்வு பெறுவதிலேயே இருக்கிறது. 2015இல் ஏமன் நாட்டில் யுத்தம் மூண்டபோது, சுமித்ரா, மும்பை, தர்காஷ் என்னும் கடற்படைக் கப்பல்கள் அங்கே சிக்கிய நம்மவர்களையும் அயல்நாட்டார் பலரையும் மீட்டு வந்தன. போருக்கென்று கட்டிய உறுதியே அபாயம் சூழ்ந்த துறைமுகத்துக்குள் அவற்றைச் செல்லவிட்டது. இதனால் போர்க்கப்பல் தர்மசாலையாகிவிடாது. ஆனால் அதனைக் கட்டுகிறவன் கொலைக்கென்றே உழைக்கிறான் என்னும் வாதம் அடிபட்டுப் போகிறது.

இனி அந்த இளைஞன் அங்கே உண்மையில் என்ன கற்கிறான் என்று பார்ப்போம். மருந்து அறையில் இரும்புக் கருவி ஆகாது என்று கேட்டு வளர்ந்தவன், எங்கு நோக்கினும் இரும்பே நிறைந்த பட்டறைக்கு வருகிறான். முதலில் அவனிடம் கப்பலைத் தருவதில்லை; ஓர் இரும்புக் கட்டியையும் அரத்தையும் தருகிறார்கள். வைஸில் அதனை இறுகப் பிடித்து, நாள்கணக்கில் ராவி, மட்டப்பலகையில் வைத்துச் சோதித்து, மூலைமட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் ஊடுருவினால் மறுபடியும் ராவ வேண்டும். பின்னர் பற்றவைப்பு, குழாய்ப் பொருத்தல், வால்வு பழுது பார்த்தல், உலர்துறையில் கப்பலின் அடிவயிற்றைச் செப்பனிடல் என்று கல்வி விரிகிறது. அவன் போடும் பற்றவைப்பின்மேல் வண்ணம் பூசப்பட்ட பின்பு எவரும் அதனைப் பார்க்கப் போவதில்லை. அவன் பெயரையே அறியாத மாலுமிகள் நடுக்கடலில் புயல் வீசும் இரவில் அதனை நம்பி உறங்குவார்கள். 2016 டிசம்பர் 5ஆம் நாள் மும்பைக் கடற்படைத் துறையில் பெத்வா என்னும் போர்க்கப்பல் உலர்துறையிலிருந்து வெளியேறும் வேளையில் ஒருக்களித்துச் சாய்ந்து இருவர் மாண்டனர். பகைவனின் குண்டு வேண்டியதில்லை. கரையிலேயே உயிர்கள் போகும்.

ஆகவே பழகுநனின் அஹிம்சை முதன்முதலில் அரத்தின் நுனியில் பரீட்சிக்கப்படுகிறது. காணாத இடத்தில் வேலையைக் குறைக்கிறவன், கோயிலுக்குப் போய் வந்தாலும், ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனம் வைத்தாலும், ஹிம்சை செய்கிறவனே. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இத்தனை எடைக்கு மேல் மருந்து வைக்கலாகாது என்ற விதிகளை மீறியதால் விளைந்த சாவுகளைக் கண்ட வட்டாரத்துப் பிள்ளைக்கு இதனை வேறெவரும் போதிக்க வேண்டியதில்லை. சிரத்தையே அங்கே பூததயை, கவனக்குறைவே பாதகம்.

ஆனால் சிரத்தை மட்டும் போதுமா? போதாது என்றே சொல்வேன். நன்றாகச் செய்த கப்பல் நல்ல காரியத்துக்குத்தான் போகும் என்ற உறுதியைச் சிரத்தை தராது. அக்கேள்விக்குப் பட்டறையில் விடை இல்லை. அதனை அவன் குடிமகனாக நின்று கேட்க வேண்டும். பட்டறை வாயிலில் நுழையும்போது அவன் தன் உழைப்பை ஒப்புவிக்கிறான். மனச்சாட்சியையும் வாக்குரிமையையும் ஒப்புவிப்பதில்லை. எந்த யுத்தம் நியாயம், எது அநியாயம் என்று நாட்டை ஆள்வோரைக் கேட்கும் கடமை எல்லாக் குடிகளுக்கும் உண்டு. கப்பலைத் தன் கையால் பழுது பார்த்தவனுக்கு அது சற்று அதிகமாகவே உண்டு. அக்கேள்வியைக் கேட்க மறுத்து, நான் கூலிக்காரன், எனக்கென்ன என்று சொல்லும் நாளிலேதான் அப்பத்தா அஞ்சிய பாவம் அவனைத் தீண்டும்.

விருதுநகர் மாவட்டத்துப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கப்பல்துறைக்குப் போகட்டும், தடுக்க வேண்டாம். வழியனுப்பும்போது அரசாங்க வேலை, நிலையான சம்பளம் என்னும் புத்திமதியோடு நின்றுவிடவும் வேண்டாம். கையில் பிடித்த வேலையைப் பிசகின்றிச் செய், அதன் பயன் எங்கே போகிறது என்று கேட்கவும் தயங்காதே என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.