உண்ணும் வேளையைக் கவர்தலும் களவே



பௌர்ணமிதோறும் விகாரையிற் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். அவற்றுள் இரண்டாவது, பிறர் கொடாததை எடுப்பதில்லை என்னும் உறுதியாகும். இதனைச் சொல்லும்போது நம்முட் பெரும்பாலோர் பொன்னையும் பொருளையுமே நினைக்கின்றோம். ஒருவர் வீட்டிலும் புகுந்து திருடியதில்லையாதலால், இச்சீலம் நம்பாற் பழுதின்றி நிற்கின்றது என்று மனநிறைவு கொள்கின்றோம். அம்மனநிறைவு தக்கதுதானா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

புனே நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஞ்சவடியிலும் கராடியிலும் கணினித் தொழில். சாக்கனிலும் பிம்ப்ரியிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள். இவற்றினிடையே உணவும் மளிகையும் பொட்டலங்களும் உதிரிப் பாகங்களும் சுமந்து அல்லும் பகலும் ஓடும் ஓட்டுநர் மிகப் பலர். அவர்களுள் ஒருவன் பிற்பகல் இரண்டரை மணிக்கு வண்டியை மரநிழலில் நிறுத்தி, வீட்டிலிருந்து கொணர்ந்த டப்பாவைத் திறக்கின்றான். உடனே கைப்பேசி ஒலிக்கின்றது. "வண்டி ஏன் நிற்கிறது? இன்னும் மூன்று பொட்டலந்தானே, முடித்துவிட்டுச் சாப்பிடலாமே" என்கிறார் மேற்பார்வையாளர். "சரி, சாகேப்" என்று கூறி அவன் டப்பாவை மூடிவிடுகின்றான்.

உண்ணாதே என்று அவர் சொல்லவில்லை, கடுஞ்சொல்லும் கூறவில்லை. அவனும் "சரி" என்றே சொன்னான். ஆயினும், அந்தச் "சரி" அவன் மனமுவந்து கொடுத்ததா? நாளை வேலை இராதோ என்னும் அச்சம் அவன் வாயினின்று பிடுங்கிய சொல்லன்றோ அது? அஞ்சியவன் நீட்டுவது கொடையாகாது. அவனுக்குரிய அரைமணி நேரம் அவனிடமிருந்து எடுக்கப்பட்டது, கொடுக்கப்படவில்லை. செயலிவழி இருசக்கர வண்டியில் ஓடுவோருக்கோ அதட்டும் குரல்கூட இல்லை. கூலி பொட்டலக் கணக்கில் வருவதால், நெருக்கடி வேளையிற் சற்று ஓய்ந்தால் ஊக்கத்தொகை போய்விடுகின்றது. குரல் இல்லையே தவிர, நெருக்குதல் ஒன்றே.

பகவன் புத்தர் பசித்தவனை எவ்வாறு நடத்தினார் என்பதை நாம் அறிவோம். ஆளவி என்னும் நகரில் ஓர் ஏழை உழவன் இருந்தான். அவன் பொருட்டே பகவர் முப்பது யோசனைத் தொலைவு நடந்து அங்கே எழுந்தருளினார். அன்று பார்த்து அவனுடைய எருது காணாமற் போயிற்று. அதனைத் தேடிப் பிடித்துக் களைத்துப் பசித்து அவன் வந்து சேர்வதற்குள் நண்பகல் கடந்துவிட்டது. அதுவரை, ஊரார் அனைவரும் கூடியிருந்தும், பகவர் போதனை தொடங்காமல் மௌனமாகவே வீற்றிருந்தார். அவன் வந்ததும், உணவு எஞ்சியுள்ளதா என்று கேட்டு, அவனை உண்ணச் செய்த பின்னரே திருவாய் மலர்ந்தார். பிக்குகள் இதனைக் குறித்து வியந்து பேசியபோது, பசியால் வருந்துவோன் மனத்தில் தம்மம் ஏறாது என்று விளக்கினார். உலகுக்கு ஒளி தந்த போதனையே ஓர் உழவனின் ஒருவேளைச் சோற்றுக்காகக் காத்திருந்தது. நம்முடைய மூன்று பொட்டலங்கள் காத்திருக்கலாகாவோ?

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு ஆறு திசைகளின் பொருளை உரைத்தபோது, ஊழியரைக் கீழ்த்திசையாக வைத்து, அவர்க்குத் தலைவன் செய்யவேண்டிய கடன்கள் ஐந்தினைப் பகவர் வகுத்தார். வலிமைக்கு ஏற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய சுவையுணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் என்பன அவை. ஓய்வு தலைவனின் தயவன்று, அவன் செலுத்தவேண்டிய கடன் என்பது இதனால் விளங்கும்.

இதே புனேயில் 1873-ஆம் ஆண்டு ஜோதிராவ் புலே சத்தியசோதக சமாசத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்களாகப் புத்தரையும் கபீரையும் அடுத்துப் போற்றியவர் அவரே. அவர் வழிவந்த நாராயண மேகாஜி லோகண்டே, 1884-ஆம் ஆண்டு பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். ஐயாயிரத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தில், வாரந்தோறும் ஞாயிறு விடுமுறையுடன் நண்பகலில் அரைமணி நேர ஓய்வும் கேட்கப்பட்டது. 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அவ்வரைமணி நேரத்தை விதியாக்கிற்று. 1946-இல் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல், ஆலைத் தொழிலாளரின் வார வேலையை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமோ, ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு என்று ஓட்டுநருக்கும் வரையறுத்தது. செயலிவழித் தொழிலாளரை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆயினும் நலத்திட்டங்களைப் பேசும் அது, அவர்தம் உணவு வேளையை வரையறுக்கவில்லை. சட்டம் வாய்திறவாத இடத்திற் சீலம் பேசவேண்டும்.

இங்கே நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. நம் முன்னோர் கோலார்ச் சுரங்கத்தின் இருளில் உழைத்தவர். உழைத்துக்கொண்டே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வளர்த்தவர். அவர்தம் வழிவந்தோருள் இன்று வண்டி ஓட்டுவோரும் உளர். மேற்பார்வையாளராய் உயர்ந்தோரும் உளர். ஆகவே, அந்தக் கைப்பேசியின் இரு முனையிலும் நம்மவரே இருத்தல் கூடும்.

"எனக்கும் மேலிருந்து நெருக்குகின்றார்களே, நான் என் செய்வேன்?" என்று மேற்பார்வையாளர் வினவலாம். உண்மைதான், அவர் துன்பத்தை நாம் இகழவில்லை. காரணத்தைப் பற்றிக் காரியம் எழுகின்றது என்பது நம் தம்மம். மேலிருந்து வந்த நெருக்குதல் தம் வழியாகக் கீழிறங்குவதற்கு அவர் இசைவும் ஒரு காரணமாகும். அவர் நின்றால் அது அவ்விடத்தே ஓரளவேனும் தளரும். "இவ்வேளை ஓட்டுநர் உண்ணும் வேளை, அதன் பின் அனுப்புகின்றேன்" என்று மேலிடத்திற்குச் சொல்ல அச்சம் வரும். அவ்வச்சத்தைத் தாமே தாங்காமல் தமக்குக் கீழுள்ளவன் தலையில் இறக்கிவைப்பதுதான் பிழை. ஓட்டுநர்க்கும் கடமை உண்டு. கொடுத்ததை மட்டும் பெற்று, செய்யும் வேலையைச் செம்மையாய்ச் செய்க; ஓய்வுக்காகப் பொய் கூறற்க; தன் ஓய்வைத் தலைநிமிர்ந்து கேட்க.

பொருள் வரவழைக்கும் நாமும் இதற்குப் புறம்பானவர் அல்லேம். பிக்குகளுக்குத் தானம் அளிக்கும் நாளில், நண்பகலுக்கு முன் அமுது படைத்துவிட வேண்டுமென்று எத்துணைக் கவலையோடு கடிகாரத்தைப் பார்க்கின்றோம்! அந்தத் தானத்திற்கு அரிசி கொண்டுவந்தவன் வாயிலில் உண்ணாமல் நிற்கின்றானே. அவனுக்காக ஒருமுறையேனும் கடிகாரத்தைப் பார்த்தோமா?

ஆகவே வரும் பௌர்ணமி முதல் இவற்றைக் கைக்கொள்வோம். மேற்பார்வையில் உள்ளோர் உணவு வேளையில் ஓட்டுநரை அழையாதிருப்போம். பொருள் தாமதமாயின் சினந்து முறையிடாதிருப்போம். வாயிலில் வருவோர்க்குத் தண்ணீரும் அமர இடமும் தருவோம். விகாரையின் திண்ணையை, வழிச்செல்லும் ஓட்டுநர் அமர்ந்து உண்ணத் திறந்துவைப்போம். அதன் பின்னர் இரண்டாம் சீலத்தை வாய்விட்டுச் சொல்வோம். அப்போது அது நம் நாவில் மெய்யாகும்.

சாது! சாது! சாது!