விட்டுப்போன கம்பம்

எங்கள் குத்தாலத்தில் பனி என்றால் மார்கழிப் பனிதான். காதில் துண்டைக் கட்டினால் தீர்ந்தது. காஷ்மீர்க்காரரான ஆரிஃப் கானுக்குப் பனி என்றால் மலையையே மூடுவது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் அவர். ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்கில் 45-வது இடம். ‘இதுக்கா அவ்வளவு தூரம் போனார்?’ என்கிறீர்களா?

கொஞ்சம் இருங்க. அந்தப் போட்டியில் சரிவு நெடுகக் கொடிக்கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் வளைந்து கடக்கணும். ஒன்றை விட்டாலும், எத்தனை வேகமாக வந்தாலும் கணக்கில் சேராது. கொட்டும் பனியில் அன்று பலர் பாதியிலேயே வெளியேறினார்கள். ஆரிஃப் இரண்டு சுற்றும் முடித்தார். மூன்று நாள் கழித்து ஸ்லாலம் போட்டியில் அவராலும் முடிக்க முடியவில்லை.

நாமும் வேகமாகத்தான் போகிறோம். வேலை, வீடு, கார்... ஊரிலிருந்து அப்பா போன் செய்தால், ‘அப்புறம் பேசுறேம்ப்பா’. அதுவும் ஒரு கம்பம்தானே?

பந்தயத்தில் விட்டது விட்டதுதான். நமக்கு இன்று ராத்திரி இருக்கிறது. போனை எடுங்க.