அயல்நாட்டுத் தொண்டில் சிறு குழந்தை



அயல்நாட்டிற்குத் தொண்டு புரியச் செல்லும் பெற்றோர், தம் சிறு குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லலாமா? இளமையிலேயே கருணை வேரூன்றும் என்பர் சிலர். பச்சிளங் குழந்தையை இடர்ப்படுத்தலாகாது என்பர் வேறு சிலர். இரு சாராரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் அன்பு மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மகிந்த தேரர் இலங்கைக்கு எழுந்தருளியபோது, உடன் சென்றோருள் சுமணன் என்னும் இளஞ் சாமணேரனும் ஒருவன் என்று மகாவம்சம் கூறுகின்றது. அவன் சங்கமித்தையின் மைந்தன், மகிந்தருக்கு மருகன். தம்மம் கேட்கும் வேளையை அறிவிக்கும் பணி அவனுக்கு அளிக்கப்பட்டது. சிறுவன் தாய்மாமனின் காவலில் சென்றான்; தன்னால் இயன்ற பணியையும் பெற்றான். இவ்விரண்டும் இன்றியமையாதவை.

பகவர் தம் மகன் இராகுலனுக்கு அம்பலட்டிகையில் உபதேசித்தபோது, கண்ணாடியை உவமை காட்டினார். ஒரு செயலைச் செய்யுமுன்பும், செய்யும்போதும், செய்த பின்பும், அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என நோக்குமாறு பணித்தார். அக்கண்ணாடியை நாமும் கையில் எடுப்போம்.

முதலாவது, செல்லுமுன். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் நேர்ந்த பூகம்பத்தில் ஏறத்தாழ 9,000 மக்கள் மாண்டனர். அத்தகைய இடத்திற்கு முதல் நாட்களிலேயே குழந்தையோடு செல்பவர், வீடிழந்தோரின் நீரிலும் நிழலிலும் பங்கு கேட்பவரே ஆவர். அது பிறர்க்குத் துன்பம். லும்பினி அமைந்துள்ள தராய்ச் சமவெளியில், மழைக்காலத்தில் கொசுவினால் மூளைக்காய்ச்சல் பரவுவதுண்டு. மருத்துவரைக் கலவாமலும் தடுப்பூசி போடாமலும் செல்வது குழந்தைக்குத் துன்பம். இவ்விரண்டையும் நீக்கி, தக்க காலத்திற் செல்வதற்குத் தடையில்லை.

இரண்டாவது, செய்யும்போது. குழந்தை நோயுற்றால் தாயோ தந்தையோ அதன் அருகில் இருத்தல் வேண்டும். ஆதலின், தாம் இல்லையேல் நின்றுபோகும் பணியை ஏற்காதீர். அநாதை இல்லங்களைக் காணச் செல்வோர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அநாதைகளாகக் காட்டிப் பொருள் திரட்டும் இல்லங்களும் உண்டு. சில நாள் கொஞ்சிப் பழகிப் பின் பிரிந்து செல்வதும் அப்பிள்ளைகளின் உள்ளத்தைப் புண்படுத்தும்.

நம் குழந்தையின் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து, அவ்வூர்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்காதீர்! நம் முன்னோர் எட்ட நின்று, மேலிருந்து ஊற்றிய நீரைக் குவித்த கைகளில் ஏந்திக் குடித்தவர்கள். தாகம் தீர்ந்தது, மானம் தீய்ந்தது. அந்த வழியில் வந்த நாம், மேலிருந்து கொடுக்கும் வழக்கத்தை நம் மக்களுக்குக் கற்பிக்கலாமோ? குழந்தை அங்குள்ள பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ணட்டும். அவர்கள் மொழியில் நான்கு சொற்கள் கற்கட்டும். கொடுப்பதோடு பெறவும் பழகட்டும். அதுவே சமத்துவம், அதுவே மைத்திரி.

மூன்றாவது, திரும்பிய பின். "பாவம், அவர்கள் ஏழைகள்" என்று குழந்தை கூறுமாயின், பயணம் முழுப்பயன் தரவில்லை. "அங்கே எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான்" என்று கூறுமாயின், தம்மம் அதன் நெஞ்சில் முளைவிட்டது. நம் தெருவைத் துப்புரவு செய்பவரின் குழந்தையையும் அது நண்பனாக ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்காவிடின், கடல் கடந்தும் பயனென்ன?

ஆகவே அன்பர்களே, அழைத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் தம்மில் அறமுமல்ல, அறமின்மையுமல்ல. கண்ணாடியில் நோக்கித் துணிவதே அறம்.

எல்லா உயிர்களும் இன்புறுக! நமோ புத்தாய!